நரி தூக்கிய சப்பாத்துகள்

ஜெர்மனியில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு காடு. காட்டுக்கு நடுவே ஏரி, ஏரிக்கரையில் கூடாரம் அடிக்க இடம். காதலனின் தாய்தகப்பனை எங்களுக்கு அறிமுகப்படுத்த இப்படியொரு இடம் எங்கள் மகளைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. பெடியன் ஜெர்மன்காரன். என் கணவர் எப்போதோ தலையாட்டிவிட்டார். மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

"வீட்டுக்கு வரச் சொன்னால் நீங்கள் விறைச்சுக்கொண்டு இருப்பீங்கள் அம்மா. அவையளும் அப்பிடித்தான். ஏரிக்கரையெண்டால் சும்மா இருந்து கதைக்கலாம்," என்றாள் மகள். சனிக்கிழமை நாங்கள் மூவரும் போய்த் தங்குவது, ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்கு அவனும் தாய்தகப்பனும் பேக்கரிப் பாணோடு வருவது என்று ஏற்பாடு.

கூடாரம் அடித்து முடிந்ததும் கணவர் சப்பாத்தோடு உள்ளே காலை வைத்தார்.

"இஞ்சருங்கோ! படுக்கிற இடமெல்லே? வெளியில கழட்டுங்கோ."

"இது துணியப்பா, வீடில்லை."

"படுத்தால் வீடுதான்."

மூன்று சோடியும் வாசலில் வரிசையாக இருந்தன. என்னுடையது இந்தச் சந்திப்புக்கென்றே வாங்கிய தோல் செருப்பு. பார்க்கவே ஆசையாக இருந்தது.

விடியப் பார்த்தால் ஒவ்வொரு சோடியிலும் ஒன்றைக் காணோம். அக்கம்பக்கத்துக் கூடாரங்களில் வேறு ஒருவருக்கும் எதுவும் தொலையவில்லை. அவர்கள் சப்பாத்தைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்கிற சனம். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதர் வந்து மிச்சம் கிடந்த ஒற்றைகளைப் பார்த்துவிட்டு, "நரி," என்றார். இந்தக் காட்டு நரிகளுக்குத் தோல் வாசம் என்றால் உயிராம். இதை நேற்றே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"கொண்டுபோறதெண்டால் சோடியாக் கொண்டுபோகட்டுமன்!" என்று கணவர் காட்டைப் பார்த்துக் கத்தினார். "ஒண்டை வைச்சு அது என்ன செய்யப்போகுது?"

"அப்பா, கத்தாதையுங்கோ. அவையள் வந்திட்டினம்."

சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்து நிற்கிற ஆட்கள்! பற்றைக்குள் தேடியதில் சேறு அப்பிய வெறுங்காலோடு மூவரும் வரிசையாக நின்றோம். பெடியன் பாண் பையோடு பின்னால் நிற்க, அவன் தகப்பன் எங்கள் கால்களைப் பார்த்தார். தாய் தகப்பனைப் பார்த்தாள். தமிழர் சப்பாத்தைக் கழற்றிவிடுவார்கள் என்று மகள் முன்பே சொல்லி வைத்திருந்தாளாம். உடனே இரண்டு பேரும் ஈரப் புல்லில் குனிந்து தங்கள் சப்பாத்துகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். தகப்பனின் காலுறையில் ஒரு ஓட்டை. பெருவிரல் எட்டிப் பார்த்தது. மனிதர் முகம் சிவந்து போனார்.

ஐயோ பாவம். எனக்குத் தெரிந்த டொச்சில், அதுதான் ஜெர்மன் பாஷையில், நரிக் கதையைச் சொன்னேன். தாய் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து நிற்க ஏலாமல் புல்லிலேயே இருந்துவிட்டாள். குறை பிடிக்கவென்றே வந்தவள் நான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாப்பிட்டு முடிந்ததும் ஏரியைச் சுற்றி நடப்போம் என்றார் தகப்பன். பாதை முழுக்கக் கூரிய சல்லிக்கல். "நீங்கள் போயிட்டு வாங்கோ," என்று நான் இருந்துவிட்டேன். பெடியனின் தாய் என்ன நினைத்தாளோ, தான் கழற்றி வைத்த செருப்புச் சோடியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். தனக்குக் காரில் ரப்பர் சப்பாத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பதிலுக்கும் நிற்காமல் வெறுங்காலோடு அதை எடுக்கப் போனாள்.

மகள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறத்தியாரின் செருப்பை நான் தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை கோயிலில் செருப்பு மாறிப்போனதற்கு, கிடந்த செருப்பு ஒன்றையும் போடாமல் பனிக்குளிரில் காலுறையோடு வீடு வந்து சேர்ந்தவள் நான்.

"விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ அம்மா," என்றாள். எத்தனை நாளாக இந்தப் பிள்ளையை இப்படிக் காக்க வைத்திருக்கிறேன்!

காலை நுழைத்தேன். ஒரு விரலளவு பெரிது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வா பிள்ளை," என்றேன். "சம்பந்தி அங்க காத்துக்கொண்டு நிக்கிறா."