சித்தப்பா பாடமாக்கிய ஹொக்கி

போன கிழமை என் மகன் படிப்புக்காக ரொறன்ரோ போனான். விமானம் இறங்கிய பிறகும் வெகுநேரம் அவனுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. கடைசியில், "ஒண்டுமில்லை அம்மா, இமிகிரேசனிலை லைன் நீளம்" என்று சிரித்தான். இத்தாலியக் கடவுச்சீட்டு, பல்கலைக்கழகக் கடிதம், எல்லாம் சரியாக வைத்திருந்த பிள்ளை. ஆனாலும் காத்திருந்த நேரம் முழுக்க என் கண்ணுக்குள் நின்றவர் சித்தப்பா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இத்தாலியின் பலெர்மோ நகரில் சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். சித்தியும், அவர் இன்னும் முகம் பார்த்திராத கைக்குழந்தையும் கனடாவில். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், நடக்க இயலாத ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. அம்மாவும் அப்பாவும் வேலையால் வரும்வரை, பள்ளி விட்டு நானும் அங்கேதான் இருப்பேன். கிழவர் வடக்கே மலைப்பக்கத்து ஆள். தொலைக்காட்சியில் ஐஸ் ஹொக்கி வந்தால் கட்டிலில் நிமிர்ந்துவிடுவார். இத்தாலி அணி பெரும்பாலும் தோற்கும். கிழவர் மருந்துக் குளிசைகளைத் திரையை நோக்கி எறிவார். சித்தப்பா பொறுக்குவார்.

ஒருநாள், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் எங்கள் வீட்டுக்கு ஒரு கடவுச்சீட்டோடு வந்தார். சித்தப்பாவின் சாயலில் இருந்த யாரோ ஒரு கனடாத் தமிழருடையது. போகும்போது வாசலில் நின்று எச்சரித்தார்: "அண்ணை, இனி நீங்கள் கனடாவிலை வளந்த ஆள். எயார்போட்டிலை ஹொக்கியைப் பற்றிக் கேப்பாங்கள். முழிச்சியள் எண்டா முடிஞ்சுது."

"அதுக்கென்ன, நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்தானே" என்றார் சித்தப்பா.

அன்றிலிருந்து எங்களுக்கு அது பாடமாயிற்று. வர்ணனையாளர் கடகடவென்று இத்தாலியனில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். கிழவரின் காலுக்குத் தைலம் தேய்த்தபடி அவர் பாடமாக்குவார். ஒரு பிற்பகல் நான் பெரிய கண்டுபிடிப்பொன்றைச் சொன்னேன்.

"சித்தப்பா, இந்த இத்தாலி ரீமிலை பாதிப்பேர் கனடாவிலை பிறந்தவையாம்!"

"உண்மையாவோ?"

"ஓம். ரீவியிலை இப்பதான் சொன்னவை."

"அப்ப இவங்களைத் தெரியாத ஆள் அங்கை இருக்க ஏலாது."

கோல் காப்பாளர் தொடங்கி எல்லாருடைய பெயரும் அவருக்கு வாய்ப்பாடு போல வந்துவிட்டது. பிழை விட்டால் நான் காதைத் திருகுவேன். "ரீச்சர், இண்டைக்கு லீவு விடுங்கோ" என்று கும்பிடுவார். புறப்பட்ட அன்று, "சோதினை பாஸ் பண்ணீட்டு ரெலிபோன் எடுக்கிறன், ரீச்சர்" என்றார்.

தொலைபேசி வரவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு, பையும் இல்லாமல், அவரே வந்து நின்றார். குசினியில் அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. இடையில் விமானம் மாறும் இடத்தில், ஒரு கனடா அதிகாரி சிரித்த முகத்தோடு, உனக்குப் பிடித்த ஹொக்கிக்காரன் யார் என்று கேட்டிருக்கிறான். சித்தப்பா தயங்காமல் வரிசையாக எல்லாரையும் சொல்லியிருக்கிறார். அவன் பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டிருக்கிறான். இருவருக்கும் ஒரு பெயரும் தெரியவில்லை.

"முதல் சிரிச்சவங்கள் அண்ணை. பிறகு கதவைப் பூட்டினவங்கள்."

அந்த விளையாட்டுக்காரர்கள், கனடாவில் பெரிய அணிகளில் இடம் கிடைக்காமல், பாட்டன் பிறந்த ஊர்ப் பத்திரத்தைக் காட்டி இத்தாலிக்காக ஆட வந்தவர்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். பாட்டனைச் சொல்லி அவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். சொந்தப் பிள்ளையைச் சொல்லி சித்தப்பாவால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் அவர் அதைக் கண்டார்.

திரும்பி வந்த மறுநாளே அவர் கிழவரிடம் வேலைக்குப் போனார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஹொக்கியை விட்டிருக்க முடியாமல்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, "சித்தப்பா, ஓடி வாங்கோ, எங்கட ஆக்கள் வந்திட்டினம்!" என்று கத்தினேன். தைலப் போத்தலோடு வந்து கட்டிலடியில் இருந்தார். கோல் காப்பாளர் முகமூடியைத் தூக்கித் தண்ணீர் குடித்தார்.

"இது ஆர், சொல்லுங்கோ?"

சித்தப்பா திரையைப் பார்த்தார்.

"தெரியாது பிள்ளை."

இவ்வளவு கெதியாக மறந்துவிட்டாரே என்று, எட்டி அவர் காதைத் திருகினேன்.