சித்தப்பா எழுதிய ‘நான்’

என் சித்தப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு மானமே போய்விடும். ஒரு வேலையாக இருந்தால் சொல்லலாம். தருமபுரியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். நாடகக் கம்பெனி வந்தால் ஆர்மோனியம் வாசிக்க அதன் பின்னாலேயே போய்விடுவார். பல்பொடிக்காரனுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்து, சந்தையில் தானே நின்று பாடவும் செய்வார். ஒருமுறை காரிமங்கலம் சந்தையில் வாயெல்லாம் கரும்பொடியாக அவர் இளித்துக்கொண்டு பாடியதை என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அவர் யாரோ எவரோ என்பதுபோல் நான் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். இத்தனைக்கும் நடுவில் கதை வேறு எழுதினார். உலகச் சண்டை நடந்த காலம், ஊரில் யாருக்கும் கிடைக்காத காகிதம் இவருக்கு மட்டும் எங்கிருந்துதான் கிடைத்ததோ. எங்கள் பக்கம் கதை விடுகிறவன் என்றால் பொய்யன். கதை எழுதுகிறவனுக்கும் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

முப்பது வயதாகியும் அவருக்குப் பெண் கொடுப்பார் இல்லை. கடைசியில் பொம்மிடியில் ஓர் இடம் கூடிவந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சித்தப்பா ஆளே மாறிப்போனார். அவர்கள் எங்கள் வீடு பார்க்க வந்த அன்று, நகக்கண்ணில் இருந்த பெயிண்டை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்த தேய்ப்பில் விரலெல்லாம் சிவந்துவிட்டது. சம்பந்தம் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டார் கை நனைப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்கள். அம்மா வடை பாயசத்தோடு சமைத்து, இலையை நறுக்கி வைத்துக் காத்திருந்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. தம்பி எழுதியது பட்டணத்துப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று அப்பா பெருமையடித்துக்கொண்டார். பெண்ணின் தகப்பனாருக்கு எழுத்து வாசனை கிடையாது. யாராவது வாசித்தால் கேட்கலாமே என்றார். மூன்றாம் வகுப்பில் நான்தான் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கிறவள். விடுவேனா?

கதையில் ‘நான்’ என்று ஒருவன். பஞ்சம் தாங்காமல், கட்டிய மனைவியைச் சந்தைக் கூட்டத்தில் விட்டுவிட்டு ரயிலேறப் போகிறான். போகிறவன் தூரத்தில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். அவனுக்குப் பிடிக்குமே என்று வாங்கிய பொரியை மடியில் கட்டிக்கொண்டு, போகிற வருகிற முகத்தையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த இடம் வந்ததும் எனக்கு எழுத்தே தெரியவில்லை. தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்.

பெண்ணின் தகப்பனார் சித்தப்பாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

“அந்தப் பொம்பள இப்ப எங்கீங்க இருக்குது?”

அது வெறும் கற்பனை என்று சித்தப்பா பதறினார். “அதுல வர்ற நான், நான் இல்லீங்க.”

“நான்னா நீங்கதானுங்களே. வேற யாரு?”

அப்பா குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். அந்த மனிதர் அதைக் காதில் வாங்காமல் என்னைக் கைகாட்டினார்.

“பெரியவங்க நாம ஆயிரஞ் சொல்லலாமுங்க. சின்னப் புள்ள பொய்யா அழுவுமா?”

இல்லை என்று சொல்லேன்டி என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். நான் எங்கே சொல்வது? அச்சில் பொய் போடுவார்கள் என்று எனக்கே தெரியாதே. எனக்குத் தெரியாமல் அப்படி ஒரு சித்தி இருந்தாளா, இன்னும் அங்கேயே நிற்கிறாளா என்று நினைக்க நினைக்க அழுகை கூடித்தான் போயிற்று.

அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வண்டி கட்டிக்கொண்டு போவதைத் தெருவே நின்று பார்த்தது. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அம்மா நறுக்கிய இலைகளை அள்ளி மாட்டுக்குப் போட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது என்று நான் புழக்கடையில் ஒண்டிக்கொண்டேன்.

சித்தப்பா அங்கே தேடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் எதிரில் குந்தி உட்கார்ந்து, மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“எந்த எடத்துல பாப்பா அழுவ வந்துச்சு?”

பொரி, என்றேன்.

“அதுக்கு முன்னாடி வரலியா? பொரிக்கிட்டத்தானா?”

தலையாட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் சிரித்தது. அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை. பெண்ணும் போய், ஊர் முன்னால் மானமும் போன மனுஷன் இப்படியா சிரிப்பான், கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா என்று அன்றைக்கு அவருக்காகவும் சேர்த்து நான்தான் கூசிப்போனேன்.