வடக்கு அறையின் ஜன்னல்

அனார்குல் ஜன்னல் ஒட்டினால் அந்த அறைக்குள் காற்று வழி கேட்டுத்தான் வர வேண்டும் என்று தெருவில் பேச்சு. மைதா மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டுப் பசை காய்ச்சுவாள். பழைய பள்ளி நோட்டுகளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, சட்டத்தின் இடுக்கு முழுக்க ஒட்டிக்கொண்டே போவாள். உள்ளே ஒரு கண்ணாடி, வெளியே ஒரு கண்ணாடி, நடுவில் அடியோரமாக ஆட்டு ரோமத்தைத் திணிப்பாள். நாரின் என்கிற இந்த மலைப்பக்கத்தில் அக்டோபர் பாதிக்குள் இதெல்லாம் முடிந்தாக வேண்டும். அதற்குமேல் மரச்சட்டம் உறைந்துவிடும், பசை பிடிக்காது. மார்ச் வரைக்கும் காற்றோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

இந்த வேலை அவளுக்கு வந்த கதை நல்ல கதை இல்லை. பத்தொன்பது வயதில், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், தாலாயும் அவன் கூட்டாளிகளும் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டு மருமகள் ஆக்கிய மூன்றாம் நாள், மாமியார் கல்பூபு அவள் கையில் பசைச் சட்டியைக் கொடுத்தாள். தன்னை அடைத்த வீட்டின் ஜன்னல்களை உள்ளேயிருந்து தானே ஒட்டி மூடினாள். அழுதுகொண்டேதான் ஒட்டினாள், ஆனால் ஒழுங்காக ஒட்டித் தொலைத்தாள். கோணல்மாணலாக ஒட்டியிருந்தால் அடுத்த வருஷம் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள்.

தாலாய் கடைக்குட்டி. இங்கே வீடு கடைக்குட்டிக்குத்தான், வீட்டோடு தாயும் அவன் பொறுப்பு. அந்தப் பொறுப்பைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு அவன் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆயிற்று. ஒரே மகளும் கல்யாணமாகித் தலாஸ் பக்கம் போய்விட்டாள். ஆடு, மாடு, வறட்டி, நிலக்கரி, மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் அனார்குலோடு மிஞ்சின.

வீட்டில் மூன்று அறை. நடு அறையில் அடுப்பு, அங்கே மாமியார். அடுப்பின் பின்சுவர் பெரிய அறைக்குள் இருக்கிறது. அந்தச் சுவரோரம்தான் அனார்குல் இருபது வருஷமாகப் படுக்கிறாள். வேலையெல்லாம் முடிந்து அந்தச் சூட்டில் முதுகைச் சாய்க்கிற நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. வடக்கு அறைக்குச் சூடு எட்டாது. பனிக்காலத்துக்கு அறுத்த கறியை அங்கேதான் தொங்கவிடுவார்கள்.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் மாமியார் தேநீரில் ரொட்டியை நனைத்துக்கொண்டே சொன்னாள்: "தாலாய் வர்றான். இந்தத் தடவை வடக்கு அறையையும் ஒட்டிடு. கறியைக் கொட்டகையில தொங்க விட்டுக்கலாம்."

வடக்கு அறை யாருக்கு என்று அனார்குல் கேட்டாள். ஆள் இருக்கும் என்றாள் கிழவி, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு. ஆறு வருஷம் கழித்து வருகிறவனைப் பார்க்கச் சொந்தபந்தம் வரும், ஒரு ராத்திரி தங்கும் என்று பாக்கிப் பதிலை அனார்குலே சொல்லிக்கொண்டாள். அவளுக்கு வந்தது சந்தோஷம். தூக்கிக்கொண்டு வந்தவன்தான் என்றாலும் இருபது வருஷத்தில் அவனுக்காகக் காத்திருக்கவும் பழகிவிட்டிருந்தாள், என்ன செய்ய.

பெரிய அறையை அந்த மாதிரி அவள் எப்போதும் ஒட்டியதில்லை. காகிதம் இரண்டு அடுக்கு, பசையில் கட்டி இல்லை. கண்ணாடிகளுக்கு நடுவே திணிக்கப் பழைய ரோமம் போதாதென்று, அம்மா சீதனமாகத் தைத்துக் கொடுத்த சிவப்பு மெத்தையைப் பிரித்தாள். மாமியார் அதைப் பார்த்துவிட்டாள்.

"அதை எதுக்குடி பிரிக்கிறே?"

"உங்க பிள்ளை குளிரைத் தாங்க மாட்டாரு, அத்தை."

கிழவி அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நடு அறைக்குப் போய்விட்டாள்.

வடக்கு அறைக்கு மிச்சம்மீதிதான். காகிதம் ஒற்றை அடுக்கு, ரோமம் கிடையாது. பசை அடிச்சட்டியில் இறுகிப்போய், கீழ்ச்சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டாமலே விட்டாள். ஒரு ராத்திரி தங்கிப்போகிறவர்களுக்கு இது போதும் என்று அவளுக்கு நினைப்பு.

அக்டோபர் கடைசியில், முதல் பனி விழுந்த மறுநாள் கார் வந்தது. தாலாய் இறங்கினான். அவனுக்குப் பின்னால் அய்சுலு என்று ஒருத்தி இறங்கினாள், இருபத்தைந்து வயது இருக்கும். மாஸ்கோவில் முல்லாவை வைத்து நிக்காஹ் ஆகி இரண்டு வருஷமாம். அனார்குலுக்கு அவன் ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்திருந்தான். நல்ல கனமான சால்வை. வடக்கு அறைக்குத் தேவைப்படும் என்று அவனுக்குத் தெரிந்துதானே இருந்தது.

"நீ மூத்தவ," என்றாள் மாமியார், "அனுசரிச்சுப் போகணும். உன் படுக்கையை வடக்கு அறையில விரிச்சாச்சு."

அனார்குல் அண்ணனுக்குப் போன் செய்தாள். புருஷன் வீட்டை விட்டு வந்தவளுக்காக இங்கே ஊருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டான் அண்ணன். இருபது வருஷத்துக்கு முன்னால் அவளைத் தேடிவந்து விட்டுவிட்டுப் போனபோதும் இதையேதான் கேட்டான்.

ஒரு சட்டி பசை காய்ச்சிக்கொண்டு வடக்கு அறைக்குப் போனாள். சட்டம் உறைந்திருந்தது. ஒட்டிய காகிதம் கையோடு வந்தது. துணியை அடைத்தாள், துணியும் நனைந்து கல்லாயிற்று. இரும்பு அடுப்பு ஒன்று வாங்கித் தருவதாகத் தாலாய் சொன்னான், சொன்னதோடு சரி. சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தால் அந்த ஒரு சாண் இடுக்கிலிருந்து காற்று நேராக முகத்துக்கு வரும். யாரைத் திட்டுவாள்? அந்த இடுக்கை விட்டது அவள் கைதான்.

ஜனவரியில் ஒரு காலை. விடிவதற்குள் சாம்பல் அள்ளி, கரி போட்டு, எல்லோருக்குமாக அடுப்பை மூட்டிவிட்டு, பெரிய அறைக்குத் தேநீரும் ரொட்டியும் கொண்டுபோனாள். அய்சுலு அடுப்புச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கெட்ட பெண் என்று சொல்ல முடியாது, ஒன்றும் தெரியாதவள்.

"வெளியில மைனஸ் முப்பதாம் அக்கா. இங்க ஒரு பொட்டுக் காத்து இல்லை. ஆள் வச்சு ஒட்டினீங்களா?"

"ஆள் இல்லம்மா. நான் ஒட்டினது. எனக்குன்னு ஒட்டிக்கிட்டது."

சொல்லிவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். ரொட்டிக் கத்தியை எடுத்து ஜன்னலோரம் போய், மேலிருந்து கீழே காகிதத்தைக் கீறினாள். உள்சட்டத்தை இழுத்துத் திறந்து, ரோமத்தைக் கை கையாகப் பிடுங்கிப் பாவாடை மடியில் போட்டாள். தாலாய் போர்வைக்குள்ளிருந்து எழுந்து, புத்தி கெட்டுப் போச்சா என்று கேட்டான்.

"என் மெத்தை," என்றாள். "எங்கம்மா தச்சது."

அன்று தாலாய் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பசை காய்ச்சினான். அவன் ஒட்டிய காகிதமெல்லாம் மத்தியானத்துக்குள் சுருண்டு விழுந்தது. பெரிய அறைக் குளிர் கதவு வழியாக நடு அறைக்கும் வர, மாமியார் அங்கிருந்து வைதுகொண்டே இருந்தாள். அனார்குல் ரோமத்தை வடக்கு அறை இடுக்கில் அடைத்துப் பார்த்தாள். அங்கேயும் அது நிற்கவில்லை. மார்ச் வரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் கதகதப்பு இல்லை.