கடைக்கு வந்தால் சுடாத லேப்டாப்

ஒரே லேப்டாப் மூன்றாம் முறையாக என் மேசைக்குத் திரும்பி வந்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும். கோபம் என் மேல்தான். ஆனால் திட்டு எதிரில் நிற்பவருக்கு விழும்.

தாராவியில் என் சர்வீஸ் கடைக்கு அன்று வந்தவள் ஷமீமா, தோல் பை தைக்கும் காஜா பாயின் மகள். "அக்கா, மறுபடியும் அதேதான். ஃபேன் நிக்காம சுத்துது, அடி கொதிக்குது, அரை மணி நேரத்துல அதுவா ஆஃப் ஆயிருது" என்றாள்.

முதல் முறை சூட்டை வெளியே கடத்தும் ஹீட் சிங்க்கைத் துடைத்து, புதிதாகத் தெர்மல் பேஸ்ட் போட்டிருந்தேன். இரண்டாம் முறை ஃபேனையே மாற்றினேன். இப்போது ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டுப் பார்த்தேன். ஃபேன் சத்தமே இல்லை. அடியில் கை வைத்தால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"ஏட்டி, இங்க நல்லாத்தானே ஓடுது! வீட்ல அடுப்பு மேல வச்சிருக்கியா? மெத்தையில வச்சுப் படம் பாக்கியா?"

"மேசை மேலதான்க்கா வைக்கேன்." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "போன வாரம் இன்டர்வியூ நடுவுல ஆஃப் ஆயிட்டு. கெஞ்சிக் கூத்தாடி இன்னிக்கு நாலு மணிக்கு இன்னொரு தடவை கேட்டு வாங்கிருக்கேன். இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்."

அப்போது மணி இரண்டு. ஷட்டரை இழுத்துவிட்டு அவளோடு கிளம்பினேன்.

கீழே பாயின் பட்டறை, மேலே வீடு. ஷமீமா லேப்டாப்பை மேசை மேல் வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். ஆமாம், லேப்டாப்புக்குச் சட்டை! காப்பி நிறத் தோல். சார்ஜருக்கு ஓட்டை, கேமராவுக்கு ஓட்டை, மூலையில் அவள் பெயர். அடியும் பக்கமும் இம்மி இடைவெளி இல்லாமல் மூடி, பிரஸ் பட்டனை அழுத்தினாள்.

"கடைக்கு வரும்போது இது எங்கட்டி போச்சு?"

"உங்க மேசைக் கறை தோல்ல ஒட்டிரும்னு கழட்டி வச்சுட்டு வருவேன்க்கா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டிவி ரிமோட்டுக்கும் மிக்சிக்கும் உறை போடும் ஜனங்கள் நாம். லேப்டாப்பை விட்டுவிடுவோமா?

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பாய் படியேறி வந்தார். "என்ன தங்கச்சி, நம்ம தையல் எப்படி?"

சொல்லிவிடாதே என்று ஷமீமா என் கையைக் கிள்ளினாள். நான் சொல்லிவிட்டேன். "தையல் பக்கா, பாய். ஆனா அது மூச்சு விடுத இடத்தையும் சேத்துத் தச்சுட்டீங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. "இன்னிக்கு ஒருநாள் கழட்டிட்டுப் பேசட்டும்" என்றேன்.

"வேண்டாம். தச்சவன் நான், நானே சரி பண்ணுதேன். எங்க காத்து வேணும்னு மட்டும் காட்டு." நான் குறித்த இடங்களில், தோலில் ஓட்டை போடும் உளியை வைத்து டக் டக்கென்று அடித்தார். சின்னச் சின்ன ஓட்டைகள், பூ வரிசை போல.

நான்கு மணிக்குப் பட்டறை மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொன்னார். நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்து, ஃபேன் அலறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரம் மேலே ஷமீமாவின் குரல் மட்டும்தான் கேட்டது.

கதவு திறந்ததும் பாய் ஓடிப்போய் லேப்டாப்பின் அடியைத் தடவினார். "சுடவே இல்ல தங்கச்சி!"

"வாப்பா, என்னையும் கொஞ்சம் கேளுங்க. திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க!"

பாய் அழுதார். நானும்தான் அழுதேன், என்ன வெட்கம்!

பழுதே இல்லாத மெஷினை இரண்டு முறை பிரித்துப் போட்டவள் நான். அது இருக்கும் இடத்தைப் பார்க்க எனக்கு அதுவரை தோன்றவில்லை. இப்போதெல்லாம் சூடு கம்ப்ளெயின்ட் என்றாலே, "வீட்ல எப்படி வச்சிருப்பீங்களோ அப்படியே கொண்டாங்க" என்கிறேன். போன மாதம் மாதுங்கா மாமி ஒருவர் டாக்சியில் லேப்டாப்போடு தலையணையையும் கொண்டுவந்து இறக்கினார். நான் ஸ்க்ரூடிரைவரையே எடுக்கவில்லை. தலையணையைத் தட்டிக் கையில் கொடுத்து, "இதுல நீங்க படுத்துக்கோங்க மாமி" என்றேன்.