மூன்றாம் நாள் வீடு தேடி வந்தவர்கள்

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். வருகைக் குறைவை மன்னிக்கக் கோரும் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். அம்மை, மஞ்சள்காமாலை, எலும்பு முறிவு என்றால் சான்றிதழைப் பார்த்து மேலே அனுப்புவேன். ‘மனச்சோர்வு’ என்று எழுதியிருந்தால், ‘சான்று இணைக்கப்படவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிடுவேன். விதி அப்படி. விதியை நான் எழுதவில்லை. ஆனால் சிவப்புப் பேனா நானே கடையில் வாங்கியது.

ஓய்வு பெற்ற பிறகு அதே விவகாரம் என் வீட்டுக்கே வந்தது. மகள் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம். பாதி நாள் வகுப்புக்கு வரவில்லை என்று ஐப்பசியில் துறையிலிருந்து கடிதம் வந்தது. எட்டிப் பார்த்தால் காதில் ஹெட்போன், மடிக்கணினியில் துப்பாக்கியோடு ஓடுகிற ஆட்கள். சாயங்காலம் ஏழு மணி அடித்தால் போதும், கதவைச் சாத்திக்கொள்வாள். நோய் இன்னதென்று கண்டுபிடிக்க எனக்கு மருத்துவர் தேவைப்படவில்லை.

எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். முதலில் வாய்மொழி எச்சரிக்கை. பிறகு எழுத்து மூலம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அடுத்து, இணைய இணைப்பைத் துண்டிக்க விண்ணப்பம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். ஒரு திங்கட்கிழமை இணைப்பு நின்றது. மகள் சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். “சரிப்பா” என்று மட்டும் சொன்னாள். போனையும் அவளே அணைத்து வைத்துவிட்டாள். நடவடிக்கை பலனளித்துவிட்டதாக நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் சாப்பிடவில்லை.

“பிள்ள செவுரப் பாத்துக்கிட்டே கெடக்கு. எனக்கு என்னமோ பயமா இருக்கு” என்றாள் மனைவி.

“பழக்கம் விடும்போது அப்படித்தான். நாலு நாள்ல தெளிஞ்சிரும்” என்றேன்.

புதன் காலை யாரோ கேட்டைப் போட்டு உலுக்கினார்கள். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கையில் வாழையிலையில் கட்டிய பிச்சிப்பூ. பின்னால் என் மகள் வயதில் ஒருத்தி, வேர்த்துப்போய் நின்றாள்.

“எம்.எஸ்ஸி. படிக்க பிள்ளைக்க வீடு இதுதானே?”

“ஆமா. நீங்க?”

“தோவாளையில பூக்கடை வச்சிருக்கோம், சாரே. இவ எனக்க மக.”

அவள் மகளுக்கு அறிமுகம் முடியும்வரை பொறுமை இல்லை. “அங்கிள், அவ உயிரோட இருக்காளா?”

கேட்டைத் திறந்தேன். தாய் என் அனுமதியைக் கேட்காமலே, “நீ உள்ள போய்ப் பாரு மக்கா” என்று அவளைத் தள்ளிவிட்டாள். அறைக் கதவு திறந்தது. “ஏட்டி, நீ செத்துட்டன்னுல்லா நெனச்சேன்!” என்று ஒரு கத்தல். பிறகு இரண்டு குரல்களில் அழுகை. ஒன்று என் மகளுடையது.

பூக்கடைக்காரப் பெண்தான் விவரம் சொன்னாள். ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிற குழு அது. எல்லோரும் வெவ்வேறு ஊர்க் கல்லூரி மாணவர்கள். தினமும் ஏழு மணிக்கு ஆஜராக வேண்டும். ஒருநாள் வராவிட்டால் செய்தி அனுப்ப வேண்டும். இரண்டாம் நாளும் வராவிட்டால் போன். போனும் அணைந்திருந்தால், விடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவர் வீட்டு முகவரி, அடையாளம், ஏறவேண்டிய பஸ் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை பிழையற்ற விதிமுறையை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை.

“விளையாட்டுக்கா இவ்வளவும்?” என்று கேட்டேன்.

அவள் என்னை நம்பமாட்டாமல் பார்த்தாள். “ஒங்களுக்குத் தெரியாதா சாரே? ஆவணியில, வட்டக்கோட்டையில…”

“வட்டக்கோட்டையில என்ன?” என்று மனைவி முன்னால் வந்தாள்.

ஆவணியில் ஒரு மதியம், கடலோர வட்டக்கோட்டையின் மதில் மேலிருந்து என் மகள் குழுவுக்கு எழுதியிருக்கிறாள்: ‘இனி வரமாட்டேன். தேட வேண்டாம்.’ நால்வரும் மாறி மாறிப் போனில் பேசி அவளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தோவாளைப் பெண் பஸ் பிடித்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்து, வடசேரி பஸ் நிலையம் வரை கூட்டிவந்து விட்டிருக்கிறாள். வீட்டில் சொல்லக்கூடாது என்று சத்தியம். அந்த விதிமுறை அன்று மாலை உண்டானது.

“எனக்கே நேத்துதான் சொன்னா. அறிவுகெட்ட மூதி, அன்னைக்கே சொல்லாண்டாமா? அதான் கடையப் பூட்டிட்டு நானும் ஏறிட்டேன்.”

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. மகள் முகம் கறுத்துப்போய் வீட்டுக்கு வந்தாள். ஏன் தாமதம் என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள், தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று சொன்னேன். நாளைச் சரியாகத்தான் சொன்னேன்.

அறை வாசலில் போய் நின்றேன். மகள் என்னைப் பார்க்காமல் பேசினாள். “அங்க மட்டுந்தான்ப்பா எங்கிட்ட மார்க்கு கேக்க மாட்டாவ.”

அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனோம். சீட்டு எங்கே வாங்குவது, எந்த வரிசை சீக்கிரம் நகரும் எல்லாம் எனக்குத் தெரியும். “எப்ப இருந்து இப்படி இருக்கா?” என்று மனநல மருத்துவர் என்னைக் கேட்டார். துறையிலிருந்து வந்த கடிதத்தின் தேதியைச் சொன்னேன். கூட வந்திருந்த தோவாளைத் தோழியைப் பார்த்து மகள் தலையசைத்தாள். தோழி மாதவாரியாகச் சொன்னாள்.

மருந்து எழுதிவிட்டு மருத்துவர் சொன்னார்: “எவ்வளவு நேரம் ஆடலாம்கிறதப் பொறவு பேசலாம். அந்த நாலு பேர மட்டும் விட்டுராதீங்க.”

மறு இணைப்புக்கு மூன்று நாளாகும். யாரைப் பார்த்தால் சீக்கிரம் நடக்கும் என்பதும் தெரியும். ஆனால் அன்று ஏழு மணிக்கு அது உதவாது. என் போனிலிருந்து மடிக்கணினிக்கு இணைப்புக் கொடுக்க மனைவிதான் சொல்லித் தந்தாள். ஏழானதும் ஹெட்போனைப் போடாமல் ஸ்பீக்கரில் வைத்தாள் மகள். “ஏட்டி, வந்தியா?” என்றது தோவாளைக் குரல். “வந்துட்டேன்” என்றாள். மற்ற மூவரும் என்னென்னவோ கத்தினார்கள்.

“ஒங்க பட்டியல்ல என் நம்பரையும் சேப்பியளா?” என்று வாசலில் நின்று கேட்டேன்.

ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாள் மகள். “கேட்டுச் சொல்லுகேன்ப்பா.”

அந்தப் பதிலை எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கார்த்திகை முடியப் போகிறது, எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஏழு மணிக்கு உள்ளே “வந்துட்டேன்” என்ற குரல் கேட்ட பிறகுதான் மூச்சு சீராகிறது.