பாபநாசத்தில் அமுங்கிக் கிடந்த மைக்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாபநாசத்தில் ஆற்றுப் பக்கம் ரோட்டோரம் ஒரு டீக்கடை. நடந்தது அங்கேதான்.

எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. அம்பாசமுத்திரத்தில் சின்னப் பட்டறை. படிப்பு எட்டாவது. ஆனால் ஹாம் ரேடியோ லைசென்ஸ், ஆசைக்குக் காற்றலையில் ஊர் ஊராகப் பேசுகிற லைசென்ஸ், இருக்கிறது. பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை பாஸானேன். பட்டறை மாடியில் ஒரு செட்டு. தென்னை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு கம்பி. அதுதான் என் நிலையம். அதை வைத்து ஜப்பான்காரர் ஒருவரோடு பேசியிருக்கிறேன். லைசென்ஸோடு கிடைத்த ரேடியோப் பெயரான என் அழைப்புக்குறியை அவர் திருப்பிச் சொன்னபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இன்றைக்கும் புதுக் குரல் ஒன்று கேட்டால் எழுந்துவிடுவேன்.

எனக்கு இதில் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் பத்தமடை, கோரைப் பாய் வியாபாரம். இன்னொருவர் திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி.

பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் ஒரு கோயில் இருக்கிறது. அங்கே போன் எடுக்காது. அங்கிருந்து டவுன் வரை ரேடியோவில் பேச்சைக் கொண்டு போக முடியுமா என்று பார்க்க ஆசை. பத்தமடைக்காரர் கையில் பிடிக்கிற சின்ன செட்டோடு பஸ்ஸில் மேலே போனார். அளவு டேப்பை வெட்டி அவரே செய்த ஏரியல். நான் அடிவாரத்தில், என் லோடு ஆட்டோவில் பெரிய செட்டோடு நின்றேன். அண்ணாச்சி டவுனில் அவர் வீட்டு மாடியில். மேலே இருந்து பேசினால் எனக்கு மட்டும்தான் கேட்கும். மலை மறைத்து டவுனுக்கு எட்டாது. நான் வாங்கி டவுனுக்குச் சொல்ல வேண்டும். நான் பேசுவது இரண்டு பேருக்கும் கேட்கும்.

பத்து மணிக்கு முதல் அழைப்பு வந்தது.

"கேக்குதாவே?"

கேட்டது! பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. டவுனுக்குச் சொன்னேன். அண்ணாச்சி அங்கே கை தட்டியது ரேடியோவில் கேட்டது. மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டோம்.

அப்புறம் பத்தமடைக்காரர், கோயில் பக்கம் நடந்து பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். நான் டீ குடிக்கப் போனேன். ஆட்டோவை பெஞ்சை ஒட்டி நிறுத்தி, செட்டில் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். போனை அணைத்திருந்தேன். அதில் சார்ஜ் குறைவு, ஆட்டோவில் சார்ஜரில் போட்டால் ரேடியோவில் இரைச்சல் வரும்.

பாபநாசத்துக் குரங்குகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒன்று ஆட்டோவுக்குள் கையை விட்டு மைக்கை இழுத்தது. விரட்டினேன். மைக்கை சீட்டுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் செருகி, மேலே துண்டைப் போட்டு மூடினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

ஆட்டோ மேல் இருந்த ஏரியலைப் பார்த்து டீக்கடைக்காரர் கேட்டார். "என்னவே, ஆட்டோவுக்குக் கொம்பு முளைச்சிருக்கு?"

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் பேசினேன்.

"ரேடியோவே. டவுன் வரைக்கும் பேசுதேன்."

"போன்ல பேசலாம்லா?"

"இது வேற. பொத்தான அமுக்குனா நம்ம பேச்சு போகும். அமுக்கியிருக்க வரைக்கும் நமக்கு ஒண்ணும் கேக்காது. விட்டாத்தான் கேக்கும். டவுன்ல எங்க அண்ணாச்சி ஒருத்தரு இருக்காரு. அமுக்குனா விடவே மாட்டாரு. அடுத்தவன் அவசரத்துக்குக்கூட வாயத் தொறக்க முடியாது."

"அவருக்கு எதுக்குவே ரேடியோ? கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட்டுக்காரனா அனுப்பிவிடும்."

நான் சிரித்தேன். இன்னொரு வடை கேட்டேன். செட்டு அமைதியாக இருந்தது. மேலே அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அண்ணாச்சிகூட அமைதியாக இருக்கிறாரே என்று ஒரு தடவை தோன்றியது. அதோடு விட்டுவிட்டேன்.

கடைக்காரரின் போன் அடித்தது.

"ஆமா. இங்கனதான் வடை தின்னுட்டு இருக்காரு. யாரு பேசுதீய?" போனை என்னிடம் நீட்டினார். "உமக்குத்தான்வே."

காதில் வைத்தேன்.

"மைக்க எடும்வே! உம்ம மைக் அமுங்கிக் கெடக்கு! மைக்செட்டுக்காரன்தான் சொல்லுதேன், ஓடும்!"

டவுன் அண்ணாச்சி. போனோடு ஓடி, துண்டைத் தூக்கி எறிந்து, கேனை இழுத்தேன். மைக் விடுபட்டது. அதே நொடியில் செட்டு அலறியது.

"கேக்குதா? யா அல்லா, கேக்குதாவே?"

குரல் கட்டிப் போயிருந்தது.

"கேக்குது, சொல்லும்."

"பொங்கல் வைக்க வந்தவங்க. அடுப்புப் புகை பட்டு தேன்கூடு கலைஞ்சிட்டு. ஆளு ஒருத்தருக்கு மூஞ்சி, தொண்டை எல்லாம் வீங்கிட்டு. மூச்சு இழுக்குது. அவங்க வேன் கீழ போயிட்டு, சாயந்திரம்தான் வரும். இருபது நிமிசமா கத்துதேன்வே!"

இருபது நிமிடம். மலை மேல் ஒருவர் மூச்சுக்குத் திணறுகிறார். கீழே நான் வழியை அடைத்து வைத்துக்கொண்டு வாயளந்துகொண்டிருக்கிறேன்.

யோசிக்க நேரமில்லை. போனில் அண்ணாச்சி இன்னும் இருந்தார். "அண்ணாச்சி, 108-க்குச் சொல்லும். பாபநாசம் செக்போஸ்ட்டுக்கு வரச் சொல்லும்" என்றேன். டீக்கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். செக்போஸ்ட்டுக்கு விட்டேன். அங்கே வனத்துறை ஜீப் ஒன்று நின்றது. காவலரிடம் நான் பாதி சொல்லும்போதே டிரைவர் சாவியைப் போட்டுவிட்டார். ஜீப் மேலே பறந்தது.

ஒரு கையில் மைக். ஆனால் விரலைப் பொத்தானுக்குத் தள்ளியே வைத்திருந்தேன். தேவைக்கு மட்டும் அமுக்கினேன், உடனே விட்டேன்.

"ஜீப் வருது. ரோட்டுக்குத் தூக்கிட்டு வாரும்."

"தூக்கிட்டோம். மூச்சு இருக்கு."

அப்புறம், "ஜீப் வந்துட்டுவே! ஏத்திட்டோம்!"

டீக்கடைக்காரர் என் தோளில் ஓங்கி அடித்தார். ஜீப் இறங்கி வரவும் அம்பாசமுத்திரம் ரோட்டில் சைரன் கேட்கவும் சரியாக இருந்தது. ஆளைப் பார்த்தேன். கண் இரண்டும் மூடிப் போய், உதடு வீங்கி, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆம்புலன்சுக்கு மாற்றும்போதே ஊசி போட்டார்கள்.

ஜீப்பில் கூடவே இறங்கி வந்த பத்தமடைக்காரரும் டீக்கடைக்காரரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணாச்சி டவுனில் இருந்து வந்து சேர்ந்தார். ரேடியோவில் கேட்டது டீக்கடைக்காரர் குரல் என்று அண்ணாச்சிக்குப் பிடிபட்டதாம். போன மாதம் அங்கே டீ குடித்துப் போனில் காசு அனுப்பியிருந்ததால் நம்பர் கிடைத்ததாம். "இருவது நிமிசம் விடாம அமுக்கியிருக்கீரு. நான்கூட அவ்வளவு நேரம் பேசினதில்லவே" என்றார்.

மதியத்துக்கு மேல் வீக்கம் இறங்கியது. அந்த ஆள் தண்ணீர் கேட்டார். நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். டீக்கடைக்காரர் வார்டிலேயே விசில் அடிக்கப் போனார். நர்ஸ் முறைத்தார்.

கொட்டுப்பட்டவரின் மனைவி வெளியே வந்தார். அந்த அம்மாவின் முடியில் செத்த தேனீ ஒன்று இன்னும் சிக்கியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான்யா காப்பாத்துனீங்க."

பத்தமடைக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கும் காதில், கழுத்தில் கொட்டியிருந்தது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"இல்லம்மா. என்னாலதான் இவ்வளவு தாமதம். மைக்க அமுக்கிப் போட்டுட்டேன். இவரு கூப்பிட்டது எனக்குக் கேக்கல."

அந்த அம்மா கையை விடவில்லை.

"தெரியும்யா. இவரு கையில இருந்த பொட்டியில நீங்க இன்னொரு வடை கேட்டது எனக்கும் கேட்டுச்சு. அப்ப ஒங்கள வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். கேட்டது அந்த அம்மா.

இப்போதும் மாடியில் உட்கார்ந்து செட்டைப் போட்டால் அதே சந்தோஷம்தான். ஆனால் செட்டு அமைதியாக இருந்தால் யாரும் கூப்பிடவில்லை என்று நான் நினைப்பதில்லை. முதலில் என் மைக்கைத்தான் பார்க்கிறேன்.