அடுப்புக்குப் பிறகு வந்த குறிப்பு

பெருமாள்மலையில் எனக்குச் சின்னதாக ஒரு செல்போன் கடை. வீடு கீழே பள்ளத்தில் இருப்பதால் அங்கே டவர் கிடைக்காது, வைஃபை மட்டும்தான். அதனால் பேட்டரி செத்த பழைய லேப்டாப் ஒன்றை வீட்டிலேயே சர்வராக ஓடவிட்டிருந்தேன். கடையிலிருந்து போனில் நான் தட்டும் குறிப்பும் லிங்க்கும் அடுத்த நொடி சமையலறை டேப்லெட்டில் தெரியும். எனக்கும் மனைவிக்கும் பாதிப் பேச்சு அதில்தான்.

அன்று காலை பைன் மரங்களுக்கடியில் பறித்த காளானை அவளிடம் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். மதியம் அதன் படத்தை ஒரு நண்பரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"இது விசக் காளானுங்க. வெரசா வீட்டுக்குச் சொல்லுங்க."

'காளானைச் சமைக்காதே' என்று தட்டினேன். பச்சை டிக் விழுந்ததும் மூச்சு வந்தது. அப்போதுதான் கடை இன்வெர்ட்டர் கத்துவது காதில் விழுந்தது. கரண்ட் இல்லையென்றால் சர்வரும் இல்லை. அந்த டிக் போனில் பதிவானதற்கு மட்டும்தான்; குறிப்பு என் போனிலேயே நிற்கிறது.

பைக்கை எடுத்தேன். மேகம் இறங்கி வளைவுகளே தெரியவில்லை. அவள் வாயில் வைக்கப்போகும் முதல் கவளம் மட்டும் கண்முன் நின்றது.

அவள் அடுப்பருகே நின்றிருந்தாள். "கரண்டு போச்சுங்க. காளான் பாதி வெந்து கெடக்கு. இன்னும் உப்புக்கூடப் பாக்கல."

சட்டியைப் பிடுங்கி வெளியே கொட்டினேன். அவள் திகைத்து நிற்கும்போதே கரண்ட் வந்தது. இண்டக்‌ஷன் அடுப்பு உடனே 'பீப்' என்றது. லேப்டாப் மெதுவாக விழித்து, வெகுநேரம் கழித்தே என் குறிப்பு திரையில் வந்தது. இருவரும் சேர்ந்து அதை வாசித்தோம்.

சர்வர் இன்னும் ஓடுகிறது. ஆனால் பதில் வரும்வரை, எதையும் சொல்லிவிட்டதாக நான் நினைப்பதில்லை.